ஆணின் மூக்கும் பெண்ணின் மூக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் உயிரியல் ஆசிரியராக இருந்தவன் நான். ஓய்வுபெற்ற பிறகு சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். பள்ளி விடுமுறை வந்தால் வகுப்புப் பிள்ளைகளையும் அவர்கள் குடும்பத்தாரையும் ஹ்லுஹ்லுவே காட்டுக்கு அழைத்துப்போவது வழக்கம். அங்கே ஏதாவது ஒரு விலங்கு இன்னொன்றை முகர்ந்துவிட்டால் போதும், பஸ்ஸில் கேள்விகள் தொடங்கிவிடும். மான், எலி, யானை என்று போய் மசக்கையில் வந்து நிற்கும். ஒரே ஐயங்கள் மறுபடி மறுபடி வருவதால் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, விடைகளையும் தொகுத்து வைத்தேன். பின்னால் வரும் விடைகள் முன்னால் சொன்னதை வைத்தே எழுதப்பட்டவை. ஆகவே வரிசையாகப் படிப்பது நல்லது.

ஐயா, வாசனையை அறிவது மூக்கா, மூளையா?

மூக்கு பிடிக்கிறது, மூளை அறிகிறது. நாசியின் உச்சியில் ஈரமான ஒரு சவ்வு இருக்கிறது. அதிலுள்ள நரம்பணுக்கள்தான் காற்றில் வரும் மூலக்கூறுகளைப் பிடிக்கும் ஏற்பிகளைத் தாங்கி நிற்கின்றன. மனிதருக்கு ஏறக்குறைய 400 வகை ஏற்பிகள். நாய்க்கு ஏறக்குறைய 800. எலிக்கு 1,000க்கு மேல். ஆப்பிரிக்க யானைக்கு ஏறக்குறைய 2,000. தும்பிக்கை தண்ணீர் குடிக்க மட்டும் நீளவில்லை.

அந்த நரம்பிழைகள் மண்டையோட்டின் அடியில் உள்ள துளைகள் வழியாக மேலேறி, முன்மூளைக்குக் கீழே படுத்திருக்கும் முகர்குமிழைச் சேர்கின்றன. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. அங்கிருந்து செய்தி மூளைப் புறணியின் பழைமையான ஒரு பகுதிக்கும், அச்சத்தையும் விருப்பத்தையும் கையாளும் அமிக்டலாவுக்கும் போகிறது. கண்ணும் காதும் அனுப்பும் செய்திகள் தலாமஸ் என்ற பகுதியில் இறங்கி ஏறித்தான் புறணிக்குப் போகும். வாசனைக்கு அந்த நிறுத்தம் தேவையில்லை. கற்பூரம் எரிந்ததுமே மவுண்ட் எட்ஜ்கம் மாரியம்மன் கோவிலின் ஈஸ்டர் திருவிழா நெஞ்சில் வந்து நிற்பதற்கு இந்தக் குறுக்குவழியும் ஒரு காரணம் என்பார்கள்.

விலங்குகளுக்கு இரண்டு மூக்கு உண்டு என்று டிவியில் சொன்னார்களே?

மிகைப்படுத்தவில்லை. டென்மார்க்கைச் சேர்ந்த லுட்விக் ஜேக்கப்சன் 1813இல் விவரித்த ஓர் உறுப்பு, பல பாலூட்டிகளின் நாசித் தடுப்புக்கு அடியில் இருக்கிறது. திரவம் நிறைந்த இரண்டு சிறு குழாய்கள் அவை. ஆவியாகிக் காற்றில் பரவாத கனமான மூலக்கூறுகளையும் அது பிடிக்கும். சிறுநீர், எச்சில், கண்ணீர், தோல் சுரப்பு ஆகியவற்றில் இருப்பவை அத்தகையவை.

இதற்கு மூளையில் தனிப் பாதை உண்டு. முகர்குமிழுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் துணைக்குமிழுக்குச் செய்தி போகிறது; அங்கிருந்து அமிக்டலாவின் உட்பகுதி, பிறகு இனப்பெருக்கத்தையும் சண்டையையும் தாய்மையையும் ஆளும் ஹைப்போதலாமஸ். வீட்டுக்கு முன்வாசலும் கொல்லைப்புற வாசலும் இருப்பதுபோல என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன். முன்வாசலில் சோற்று மணம் முதல் புகை வரை எல்லாம் வரும். கொல்லைவாசலில் பெரும்பாலும் சொந்த இனத்தின் செய்திகளும் எதிரி விலங்கின் செய்திகளும் வரும். இனி இந்த இரண்டு பெயர்களையே பயன்படுத்துகிறேன்.

இம்பாலா மான் கிடா உதட்டைச் சுருட்டிக்கொண்டு நின்றதே, சிரித்ததா?

பெட்டை சிறுநீர் கழித்த இடத்தில் அது மூக்கை வைத்ததைப் பார்த்திருப்பீர்கள். பிறகு தலையைத் தூக்கி, மேலுதட்டைச் சுருட்டி, வாயைச் சற்றே திறந்து, ஏதோ நினைவில் ஆழ்ந்ததைப்போல அசையாமல் நிற்கும். மேலண்ணத்தின் முன்பகுதியில் உள்ள நுண்துளைகள் வழியாக அந்தத் திரவம் ஜேக்கப்சன் உறுப்புக்குள் போய்க்கொண்டிருக்கும் நேரம் அது. பெட்டை பருவத்தில் இருக்கிறதா என்ற ஒரே கேள்விக்கு விடை தேடுகிறது. ஏப்ரல், மே மாதங்களில் இம்பாலாக்களின் இணைசேரும் காலத்தில் போனால் இதை அடிக்கடி பார்க்கலாம். ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை, எருமை, சிங்கம் எல்லாம் செய்யும். ஆண்களே அதிகம் செய்கின்றன என்றாலும் பெண்களும் செய்வதுண்டு.

ஆண் மூளைக்கும் பெண் மூளைக்கும் முகரும் பகுதியில் வித்தியாசம் இருக்கிறதா, இல்லையா? நேராகச் சொல்லுங்கள்.

எலியைக் கேட்டால் இருக்கிறது, அதுவும் கொல்லைவாசல் பாதையில் தெளிவாகவே இருக்கிறது. ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் சாந்தியாகோ செகோவியாவும் அந்தோனியோ கியாமோனும் 1980களில் தொடங்கி இந்தப் பாதையைப் படிப்படியாக அளந்தார்கள். ஜேக்கப்சன் உறுப்பு, துணைக்குமிழ், அமிக்டலாவின் உட்பகுதி என்று வழிநெடுக ஆண் எலியில் கனஅளவும் நரம்பணுக்களும் அதிகம் என்று கண்டார்கள். அமிக்டலாவின் உட்பகுதியில் பின்மேல் பக்கமாக உள்ள ஒரு சிறு கரு (நரம்பணுக்களின் கொத்து) மட்டும் ஆண் எலியில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பெரிது.

மனிதரைக் கேட்டால் விடை வேறு. அதைப் பின்னால் சொல்கிறேன். இங்கேயே சொன்னால் பாதிப் பேர் மீதியைப் படிக்கமாட்டீர்கள் என்பது என் அனுபவம்.

பெரிதாக இருந்தால் மோப்பம் கூர்மை என்றுதானே அர்த்தம்?

இல்லை. இந்த ஒரு தவற்றைத்தான் பெரியவர்களும் பிள்ளைகளும் ஒன்றுபோலச் செய்கிறார்கள். அமிக்டலாவின் அந்தக் கரு மங்கலான வாசனையைக் கண்டுபிடிக்கும் இடமல்ல. வந்த செய்தி யாருடையது, அதற்கு என்ன செய்யவேண்டும் என்று முடிவாகும் வழியில் இருப்பது. ஆண் எலிக்கு அங்கே பருவப் பெட்டையையும் போட்டி ஆணையும் பிரித்தறிந்து இரண்டு வேறு காரியங்களைத் தொடங்கவேண்டியிருக்கிறது.

கூர்மையில் பெண் முந்தும் இடங்களும் உண்டு. ஆண் பன்றியின் எச்சிலில் ஆண்ட்ரோஸ்டினோன் என்ற பொருள் இருக்கிறது. அதைப் பெண் பன்றி, ஆண் பன்றியைவிட மிகக் குறைந்த அளவிலேயே உணர்ந்துவிடுகிறது. அதன் மணம் பட்டதும் பருவத்தில் இருக்கும் பெண் பன்றி அசையாமல் நின்றுகொடுக்கும். பன்றிப் பண்ணைகளுக்கு இதை ஸ்பிரே டப்பாவில் அடைத்து விற்கிறார்கள். ஜேக்கப்சன் உறுப்பை அடைத்துவிட்டுச் சோதித்தபோதும் அது நின்றுகொடுத்தது. அதாவது இந்தச் செய்தி முன்வாசல் வழியாகவே போகிறது. பாலுறவுச் செய்தி என்றாலே கொல்லைவாசல் என்று என் பழைய பாடக்குறிப்பில் இருப்பதைப் பிள்ளைகள் அழித்துவிடலாம்.

இந்த வித்தியாசம் பிறக்கும்போதே வந்துவிடுகிறதா?

பாதி அப்படித்தான். எலிக்குட்டி பிறப்பதற்குச் சற்று முன்னும் பின்னும் ஆண்குட்டியின் விதைகள் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைச் சுரக்கின்றன. மூளைக்குள் அரோமடேஸ் என்ற நொதி அதை ஈஸ்ட்ரடையாலாக, அதாவது பெண் ஹார்மோன் என்று நாம் அழைக்கும் பொருளாக மாற்றுகிறது. எலி மூளையை ஆண் போக்கில் வளர்ப்பது அந்தப் பொருள்தான். கேட்பவர்கள் வழக்கமாக இந்த இடத்தில் புருவத்தை உயர்த்துவார்கள். தாயின் பெண் ஹார்மோன் பெண்குட்டியையும் அப்படி மாற்றிவிடாதா என்றால், குட்டியின் இரத்தத்தில் ஒரு புரதம் அதைப் பிடித்துவைத்து மூளைக்குள் விடாமல் பார்த்துக்கொள்கிறது. பிறந்த அன்றே விதை நீக்கப்பட்ட ஆண் எலியின் துணைக்குமிழ் பெண் எலியுடையதைப்போல வளர்ந்ததாகவும், பிறந்த நாளில் ஆண் ஹார்மோன் பெற்ற பெண் எலியில் அது ஆண் அளவை எட்டியதாகவும் ஸ்பெயின் குழு காட்டியது. மனித மூளைக்கு இந்தச் சுற்றுவழி அவ்வளவு முக்கியம் என்று தோன்றவில்லை. டெஸ்டோஸ்டிரோன் நேராகவே வேலை செய்கிறது.

மறுபாதி சுவையானது. 1999இல் கலிஃபோர்னியாவில் பிரெட்லவ் குழுவினர் வளர்ந்த ஆண் எலிகளுக்கு விதை நீக்கினார்கள். மேலே சொன்ன ஒன்றரை மடங்குக் கரு நான்கு வாரத்தில் பெண் அளவுக்குச் சுருங்கிவிட்டது. வளர்ந்த பெண் எலிகளுக்கு அதே காலம் ஆண் ஹார்மோன் கொடுத்தார்கள்; அவற்றின் கரு ஆண் அளவுக்குப் பெருத்தது. பிறவிக் கோணல் என்று நாம் சொல்லும் ஒன்று, ஒரே மாதத்தில் நிமிர்ந்துவிடக்கூடியதாக இருக்கிறது.

அப்படியென்றால் பெண் எலியின் மூளையில் ஆணின் நடத்தைக்கான பாதையே இருக்காதா?

இருக்கிறது. ஹார்வர்டில் கேத்தரின் டுலாக்கின் குழு இதை இரண்டு படியாகக் காட்டியது. ஜேக்கப்சன் உறுப்பின் நரம்பணுக்கள் செய்தி அனுப்பத் தேவையான ஒரு மரபணுவைச் சுண்டெலிகளில் செயலிழக்கச் செய்தார்கள். 2002இல் வெளிவந்த முடிவு ஆண்களைப் பற்றியது: அந்த ஆண்கள் மற்ற ஆண்களோடு சண்டைபோடவில்லை, ஆணா பெண்ணா என்று பாராமல் ஏறின. 2007இல் வந்தது பெண்களைப் பற்றியது: அதே மரபணு இல்லாத பெண் சுண்டெலிகள் ஆணைப்போல மற்றவற்றின் பின்னால் சென்று ஏறத் தொடங்கின. ஹார்மோன் ஊசி எதுவும் இல்லாமல், மூக்கிலிருந்து வரும் ஒரு செய்தியை நிறுத்தியதால் மட்டும்.

பெண்ணின் மூளைக்குள்ளும் அந்தப் பாதை முழுசாக இருந்திருக்கிறது. கொல்லைவாசல் செய்தி அதைத் தடுத்து வைத்திருக்கிறது. அளவு வேறுபாட்டைப் படித்துவிட்டு, ஆணுக்கு ஒரு மூளை, பெண்ணுக்கு வேறொரு மூளை என்று முடிவுகட்டுவோருக்கு நான் கொடுக்கும் முதல் விடை இதுதான்.

ஆண் எலி குட்டிகளைத் தின்றுவிடும் என்று ஆயா சொல்வார். அதற்கும் மூக்குக்கும் தொடர்பு உண்டா?

ஆயா சொன்னது சரி. இணைசேராத ஆண் சுண்டெலி, முன்பின் தெரியாத குட்டியைக் கண்டால் பெரும்பாலும் கடித்துக் கொன்றுவிடும். குட்டியின் மணம் கொல்லைவாசல் வழியாகப் போய் அந்த வெறியைக் கிளப்புகிறது. ஜேக்கப்சன் உறுப்பை எடுத்துவிட்டால் அதே ஆண் குட்டியைக் கவ்விக் கூட்டுக்குக் கொண்டுவந்து அணைத்துக்கொள்கிறது.

அறுவைச் சிகிச்சை இல்லாமலும் இது நடக்கிறது. பெண்ணோடு இணைந்து, அது கருவுற்றிருக்கும் காலம் முழுதும் உடன் வாழ்ந்த ஆணுக்குக் குட்டிகளின் மணம் பழையபடி உறைப்பதில்லை. ஜேக்கப்சன் உறுப்பின் செயல்பாடே தணிந்துவிடுகிறது. 2014இல் டுலாக் குழு குட்டியைப் பேணும் ஒரு தொகுதி நரம்பணுக்களை ஹைப்போதலாமஸின் முன்பகுதியில் கண்டது. தாயிலும் இருந்தது, தந்தையிலும் இருந்தது. இணைசேராத, குட்டியைத் தாக்கும் ஆணிலும் இருந்தது. அதைத் தூண்டியதும் தாக்குதல் நின்றது.

பெண் எலியிலும் இதன் எதிரொலி உண்டு. குட்டி போடாத பெண் எலி முதலில் குட்டிகளை விட்டு விலகியே போகும். முகர்வைத் தடுத்துவிட்டால் விரைவிலேயே அவற்றைப் பேணத் தொடங்கிவிடும்.

மாதச் சுழற்சிக்கு ஏற்ப மோப்பம் மாறுமா?

சுண்டெலியில் மாறுகிறது, அதுவும் மூக்கிலேயே. அவற்றின் சுழற்சி நான்கைந்து நாள்தான். கருத்தரிக்க இயலாத நாள்களில் உயரும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன், ஆணின் சிறுநீர்ப் புரதத்தை உணரும் ஜேக்கப்சன் நரம்பணுக்களையே ஊமையாக்கிவிடுகிறது என்று 2015இல் லிசா ஸ்டோவர்ஸ் குழு காட்டியது. செய்தி மூளைவரை போய் அங்கே தள்ளப்படுவதில்லை. வாசலிலேயே கதவு சாத்தப்படுகிறது. அதே நாளில் அதே பெண் சுண்டெலியின் மூக்கு பூனையின் மணத்தை மட்டும் வழக்கம்போல உணர்கிறது. இயற்கை கணக்காகத்தான் சிக்கனம் செய்திருக்கிறது.

ஆட்டுப் பட்டியில் கிடாவை விட்டால் பெட்டைகள் எல்லாம் ஒன்றாகப் பருவத்துக்கு வரும் என்று டொங்காட்டில் எங்கள் தாத்தா சொல்வார். உண்மையா?

உண்மை. கால்நடை வளர்ப்போர் நெடுங்காலமாகக் கையாளும் உத்தி அது. கிடாவின் தலை மயிரில் இருந்து வரும் ஆவியில் 4-எத்தில்ஆக்டனால் என்ற பொருள் இருப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2014இல் பிரித்தெடுத்தார்கள். பெட்டையின் ஹைப்போதலாமஸில் இனப்பெருக்க ஹார்மோன்களின் தாளத்தை நடத்தும் நரம்பணுக்களை அது உசுப்புகிறது. விதை நீக்கிய கிடாவிடம் அந்த மணம் இல்லை. கிடாவின் கழுத்தைக் கட்டிப்பிடித்த கையோடு சாப்பிட உட்கார்ந்து பாட்டியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்களுக்கு அந்த மணத்தை நான் விளக்கவேண்டியதில்லை.

செம்மறியாட்டில் இன்னொரு செய்தி. ஈன்ற இரண்டு மணி நேரத்துக்குள் தாய் தன் குட்டியின் மணத்தைப் படித்துக்கொள்கிறது. பிறகு மற்ற குட்டிகளை முட்டித் தள்ளிவிடும். ஈனும்போது கருவாய் விரிவதால் எழும் நரம்புச் செய்தி, முகர்குமிழில் நோரட்ரினலின் என்ற வேதிப்பொருளைப் பெருக்கி அந்த வாசனையைப் பதியவைக்கிறது. குமிழின் நரம்பணுக்களே ஈன்ற பிறகு குட்டிகளின் மணத்துக்கு அதிகமாக எதிர்வினை காட்டுகின்றன. ஆண், பெண் என்ற பிரிவுக்குள் ஈன்றவள், ஈனாதவள் என்று இன்னொரு பிரிவும் உண்டு என்பதை இது நினைவூட்டும்.

யானைக்கு மதம் பிடிப்பது வாசனையாலா?

மதம் ஹார்மோனால் பிடிக்கிறது, வாசனையால் அறிவிக்கப்படுகிறது. களிற்றின் டெஸ்டோஸ்டிரோன் பன்மடங்கு ஏறும்போது கன்னப் பொறியிலிருந்து மதநீர் வழிகிறது, சிறுநீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது. நம் பழம்பாடல்களில் மதநீரை வண்டுகள் மொய்ப்பது சலிக்காமல் வரும். இளம் ஆசியக் களிறுகளின் மதநீர் தேனைப்போல மணக்கிறது என்றும், வயது முதிர்ந்த களிற்றுடையதே கடுநாற்றம் கொண்டது என்றும் 2002இல் ராஸ்முசன் குழு வேதியியலாகவே காட்டியது. அதே பெட்ஸ் ராஸ்முசன்தான் 1996இல், ஆசியப் பிடியின் சிறுநீரில் கருமுட்டை வெளிவருவதற்கு முன் ஏறும் ஒரு பொருளைக் கண்டுபிடித்தவர். அந்தப் பொருளைப் பல விட்டில்பூச்சி இனங்களின் பெண்களும் ஆணை அழைக்கப் பயன்படுத்துகின்றன. களிறு தும்பிக்கை நுனியை அதில் தொட்டு வாய்க்குள் மேலண்ணத்தில் ஒற்றுகிறது. இம்பாலா உதட்டைச் சுருட்டிச் செய்யும் வேலையை யானை தும்பிக்கையால் முடித்துக்கொள்கிறது.

நம் நாட்டுப் பிடிகளுக்கும் கன்னத்தில் நீர் வழியும். பரபரப்பாக இருந்தாலே வழியும். ஆகவே கன்னம் நனைந்த யானையெல்லாம் மதயானை என்று பஸ்ஸில் கூச்சலிடவேண்டாம். மதம் பிடித்த ஆணுக்குப் பின்னங்கால்களின் உட்பக்கம் சிறுநீரால் நனைந்திருக்கும். அதைப் பாருங்கள், தொலைவிலிருந்தே.

மதத்தில் மூத்தவர்களின் பங்கையும் சொல்லவேண்டும். வடமேற்கு மாகாணத்தின் பிலானஸ்பர்க் காட்டில், பெரியவர்கள் இல்லாமல் வளர்ந்த அநாதைக் களிறுகளுக்கு இளவயதிலேயே மதம் பிடித்தது. 1992க்கும் 1997க்கும் இடையே நாற்பதுக்கும் மேற்பட்ட வெள்ளைக் காண்டாமிருகங்களைக் கொன்றன. 1998இல் க்ரூகர் தேசியப் பூங்காவிலிருந்து ஆறு மூத்த களிறுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். இளையவர்களின் மதம் தணிந்தது, கொலைகள் நின்றன. டர்பனில் நேட்டால் பல்கலைக்கழகத்தில் இருந்த ராப் ஸ்லோட்டோவும் கூட்டாளிகளும் 2000இல் எழுதியது இது. உடலின் ஹார்மோன் பிறவியோடு முடிந்த கதையல்ல என்பதற்கு எலியின் ஒன்றரை மடங்குக் கருவோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

மனிதருக்கு அந்தக் கொல்லைவாசல் இருக்கிறதா?

கதவின் தடம் இருக்கிறது, வழி இல்லை. பலருடைய நாசித் தடுப்பில் சிறு குழியாக அது தெரியும். அதிலிருந்து மூளைக்கு நரம்பு போவதில்லை. வளர்ந்த மனிதரிடம் துணைக்குமிழும் இல்லை. சுண்டெலியில் டுலாக் குழு செயலிழக்கச் செய்த அந்த மரபணு, நம்மிடம் தானாகவே பழுதாகிக் கிடக்கிறது. பழுது நம் காலத்தில் நேர்ந்ததல்ல; ஆப்பிரிக்க, ஆசியக் குரங்குகளுக்கும் நமக்கும் பொதுவான மூதாதையிலேயே நேர்ந்துவிட்டது. ஆகவே சமையலறை ஜன்னல் வழியாக வந்து ரொட்டியைத் தூக்கிப்போகும் வெர்வெட் குரங்குக்கும் இல்லை. இரவில் குழந்தை அழுவதைப்போலக் கத்தும் புஷ்பேபி என்ற சிறு விலங்குக்கு மட்டும் இன்னும் வேலை செய்கிறது.

எலியில் ஆண், பெண் வேறுபாடு பளிச்சென்று தெரிந்த பாதை நம்மிடம் இல்லவே இல்லை என்றால், எலியின் அளவுகளை எடுத்துக் கணவன் மனைவி சண்டைக்குத் தீர்ப்புச் சொல்லமுடியாது. இவ்வளவு நேரம் தள்ளிப்போட்ட விடை இதுதான்.

ஆனால் எங்கள் வீட்டில் கேஸ் கசிந்தால் அம்மாதான் முதலில் சொல்கிறார். அப்பாவுக்குத் தெரிவதே இல்லை!

முன்வாசலில் வேறுபாடு உண்டு, சிறியது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2019ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வில் பெண்கள் சராசரியாக முந்தினார்கள். மணத்தை உணர்வது, பிரித்தறிவது, பெயர் சொல்வது மூன்றிலும். ஆனால் இடைவெளி மிகக் குறுகியது. பெண்கள் எல்லோரையும் ஆண்கள் எல்லோரையும் நிறுத்தினால் இரண்டு கூட்டமும் ஒன்றின்மேல் ஒன்று படிந்துவிடும். மேலே சொன்ன ஆண்ட்ரோஸ்டினோனையே எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரே ஒரு ஏற்பியின் மரபணு வேறுபாட்டால் ஒருவருக்கு அது வியர்வை நாற்றம், இன்னொருவருக்கு வெனிலா, மூன்றாமவருக்கு ஒன்றுமே இல்லை. ஆணா பெண்ணா என்பதைவிட எந்த மரபணு என்பது அங்கே பெரிது.

பழக்கமும் சேர்கிறது. 2002இல் பிலடெல்ஃபியாவில் பமேலா டால்டனும் உடன் ஆய்வாளர்களும் வாதுமை மணம் தரும் பென்சால்டிஹைடு போன்ற பொருள்களைத் திரும்பத் திரும்ப முகரச் செய்தார்கள். குழந்தை பெறும் வயதுப் பெண்களின் உணர்திறன் வியக்கத்தக்க அளவு ஏறியது, ஆண்களிடம் ஏறவில்லை. பருவமடையாத சிறுமியரிடமும் மாதவிடாய் நின்ற பெண்களிடமும் ஏறவில்லை. உங்கள் அம்மாவின் மூக்கில் எவ்வளவு ஹார்மோன், எவ்வளவு அடுப்படி என்று நான் பிரித்துச் சொல்லமாட்டேன். கேஸ் அடுப்பை அப்பாவும் கொஞ்ச நாள் பார்க்கட்டும்.

பெண்ணின் மூளையில் முகரும் நரம்பணுக்கள் ஐம்பது சதவீதம் அதிகம் என்று படித்தேன். அப்படியானால் சிறிய வித்தியாசம் என்கிறீர்களே?

அந்த ஆய்வு பிரேசிலில் நடந்தது, 2014இல் வெளிவந்தது. இறந்தவர்களின் முகர்குமிழ்களைக் கரைத்து அணுக்கருக்களை எண்ணினார்கள். 7 ஆண்கள், 11 பெண்கள், எல்லோரும் 55 வயதைக் கடந்தவர்கள். பெண்களின் குமிழில் மொத்தச் செல்கள் சராசரியாக 43 சதவீதம் அதிகம். நரம்பணுக்கள் மட்டும் எடுத்தால் ஏறக்குறைய ஐம்பது சதவீதம். நேர்த்தியான எண்ணிக்கைதான். ஆனால் பதினெட்டே பேர், எல்லோரும் முதியவர்கள், அவர்கள் உயிரோடிருந்தபோது எப்படி முகர்ந்தார்கள் என்று சோதித்ததில்லை. எண்ணிக்கையில் பாதி அதிகம், திறனில் கடுகளவு அதிகம் என்றால், நரம்பணு எண்ணிக்கை திறனை நேராகக் காட்டும் அளவுகோல் அல்ல என்றே எடுத்துக்கொள்ளவேண்டும்.

இதைவிட என்னைத் திகைக்கவைத்தது 2019இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்திலிருந்து வந்தது. மூளைப் படத்தில் முகர்குமிழே தென்படாத சில பெண்கள் நன்றாக முகர்கிறார்கள்! ஆயிரத்துக்கு மேற்பட்டோரின் படங்களைத் தேடியபோது, பெண்களில் ஏறக்குறைய 0.6 சதவீதத்தினரிடமும், இடக்கைப் பழக்கமுள்ள பெண்களில் 4 சதவீதத்துக்குச் சற்று மேலும் இப்படி இருந்தது. ஆண்களில் ஒருவர்கூட இல்லை. முகர்வுக்குக் குமிழ் கட்டாயம் என்று நான் கரும்பலகையில் படம் போட்டுக் கற்பித்ததெல்லாம் இப்போது அடிக்குறிப்போடுதான் நிற்கிறது.

மசக்கையில் தாளிக்கும் மணமே ஆகாது. மூக்கு கூர்மையாகிவிடுவதால்தானே?

பெரும்பாலான கர்ப்பிணிகள் அப்படித்தான் சொல்கிறார்கள். சோதனைக்கூடத்தில் மணத்தை உணரும் குறைந்தபட்ச அளவை அளந்தால், கர்ப்பிணிகளுக்கும் மற்றவர்களுக்கும் சீரான வேறுபாடு தென்படுவதில்லை. மாறுவது பிடித்தம்: முன்பு பொருட்படுத்தாத மணம் இப்போது அருவருப்பாகிறது. கூர்மையாகவில்லை என்பதற்காக அந்தக் குமட்டலைப் பொய் என்று சொல்லிவிடாதீர்கள், குறிப்பாக மாமியார்கள். கறிவேப்பிலை தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

ஃபெரோமோன் சென்ட் என்று மாலில் விற்கிறார்கள். வேலை செய்யுமா?

நறுமணம் என்ற அளவில் வேலை செய்யலாம். ஃபெரோமோன் என்பது ஒரு விலங்கு தன் இனத்துக்கு அனுப்பும் வேதிச் செய்தி. மனித ஃபெரோமோன் என்று உறுதியாக நிறுவப்பட்ட மூலக்கூறு ஒன்றுகூட இன்றுவரை இல்லை. வழக்கமாகச் சொல்லப்படும் இரண்டு ஸ்டெராய்டுகளும் போதிய ஆதாரம் இல்லாமலே 1991இல் முன்வைக்கப்பட்டவை. 2001இல் ஸ்வீடனில் இவான்கா சாவிக் குழு, அவற்றுள் ஒன்று பெண்களின் ஹைப்போதலாமஸையும் மற்றது ஆண்களுடையதையும் கிளப்புவதாகப் படம் எடுத்துக் காட்டியது உண்மை. முகரக் கொடுத்த செறிவு, மனிதத் தோலில் இருப்பதைவிட எத்தனையோ மடங்கு அதிகம். சில சென்ட் புட்டிகளில் இருப்பது பன்றியின் ஆண்ட்ரோஸ்டினோன். அதைப் பூசிக்கொண்டு போகிறவரை யார் மயங்கிப் பார்ப்பார்கள் என்று ஐந்தாவது விடையில் இருக்கிறது.

விமான நிலைய மோப்ப நாய்களில் ஆண் கெட்டியா, பெண் கெட்டியா?

இரண்டையும் எடுக்கிறார்கள். அந்த வேலை முழுக்க முன்வாசலின் வேலை. பயிற்சியும் சுறுசுறுப்பும்தான் தேர்வை முடிவுசெய்கின்றன.

எல்லாப் பாலூட்டிகளிலும் ஆணுக்குத்தான் கொல்லைவாசல் பெரிதா?

எலியை வைத்து எல்லாப் பாலூட்டிகளையும் எழுதிவிட முடியாது. கிழக்கு ஆப்பிரிக்காவின் மயிரில்லாத வெற்றுத்தோல் எலிகள் மண்ணுக்கடியில் கூட்டமாக வாழ்கின்றன; ஒரு ராணியும் ஓரிரு ஆண்களும் மட்டுமே இனம் பெருக்கும், மற்றவை வேலையாட்கள். 2007இல் மெலிசா ஹோம்ஸ் குழு அவற்றின் மூளையை அளந்தபோது, அமிக்டலாவின் உட்பகுதி போன்ற இடங்களில் ஆண், பெண் வேறுபாடு இல்லை. இனம் பெருக்குபவைக்கும் வேலையாட்களுக்கும் இடையேதான் வேறுபாடு. எலியில் பாலினம் தீர்மானித்ததை இங்கே பதவி தீர்மானிக்கிறது.

மான் வகைகளில் டோப்பியும் ஹார்ட்பீஸ்டும் உதட்டைச் சுருட்டுவதில்லை. அவற்றின் வாயிலிருந்து ஜேக்கப்சன் உறுப்புக்குப் போகும் வழி அற்றுப்போயிருக்கிறது. டர்பன் கடலில் துள்ளும் டால்ஃபினுக்கு முகர்குமிழே கிடையாது. அங்கே ஆண், பெண் ஒப்பீடு என்ற பேச்சுக்கே இடமில்லை.

கடைசியாக ஒன்று. சோதனை செய்பவர் ஆணா பெண்ணா என்று எலி முகர்ந்து தெரிந்துகொள்ளுமா? தெரிந்தால் முடிவு மாறிவிடாதா?

இதைக் கேட்டது பதினோராம் வகுப்பு மாணவி. இந்தப் பக்கத்தில் உள்ளவற்றில் எனக்கு மிகப் பிடித்த கேள்வியும் இதுதான். மாறும். 2014இல் மான்ட்ரியால் மெகில் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி மோகில் குழு இதைச் சோதித்தது. ஆண் ஆய்வாளர் பக்கத்தில் இருந்தால் எலிகளும் சுண்டெலிகளும் வலியைக் குறைவாகக் காட்டின. ஆள் வேண்டியதில்லை, ஆண் அணிந்து கழற்றிய டி-ஷர்ட் கூண்டருகே கிடந்தாலே போதும். அந்த மணம் அவற்றைப் பதற்றப்படுத்துகிறது, பதற்றம் வலியை அமுக்குகிறது. பக்கத்திலேயே பெண் அணிந்த டி-ஷர்ட்டையும் வைத்தால் விளைவு நீங்கிவிட்டது. மற்ற பாலூட்டி இனங்களின் ஆண் மணத்துக்கும் இதே பதற்றம்.

போதாததற்கு, சோதனை எலிகளும் நெடுங்காலமாகப் பெரும்பாலும் ஆண்களே. நரம்பியல் கட்டுரைகளை 2011இல் கணக்கெடுத்தபோது, ஒரே பாலினத்தை மட்டும் பயன்படுத்திய ஆய்வுகளில் பெண்ணுக்கு ஒன்று என்றால் ஆணுக்கு ஐந்தரை என்ற விகிதம் வந்தது. பெண்களின் சுழற்சி முடிவுகளைக் குழப்பும் என்று சொல்லி ஒதுக்கியிருந்தார்கள். அந்த மாணவிக்கு அறிவியல் கண்காட்சிக்கு வெள்ளெலிகளை ஒரு சதுரப் பாதையில் ஓடவிடும் திட்டம் இருந்தது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் எதிரே எலியின் பாலினம், கூண்டிலிருந்து எடுத்தவர் அக்காவா அண்ணனா, கையில் சோப்பு மணம் இருந்ததா என்று மூன்று கட்டங்கள் கூடுதலாகப் போடச் சொல்லியிருக்கிறேன்.